முதலில் இருக்கை, கடைசியில் எஞ்சின்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 54. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். பத்து வயதில், மாமா கொண்டுவந்த ஒரு பழைய ஆங்கில இதழில் வெளிர் நீல உடலும் நடுவே ஆரஞ்சுப் பட்டையும் கொண்ட ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரின் படத்தைப் பார்த்தேன். அது இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. அசலை வாங்க என்னால் ஆகாது. அதற்குக் காணிக்கையாக ஒரு காரை நானே கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு சாலையில் போக ஆசைப்படுகிறேன். வெல்டிங் தெரியும். வீட்டோடு சேர்ந்து ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கராஜ் இருக்கிறது. பிரான்சில் நடக்கும் 24 மணி நேர லே மான் பந்தயத்தை வென்ற அதே வகை 7 லிட்டர் ஃபோர்டு 427 எஞ்சின் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, முன்பணம் கொடுக்கலாமா? எந்தக் கியர்பாக்ஸ் பொருந்தும்? பழைய கார் ஒன்றின் பதிவுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டால் அரசின் சோதனையே தேவையில்லை என்கிறார் ஒரு நண்பர்; அது சரியா? என் உயரம் 6 அடி 1 அங்குலம். நகல் செய்வது அசலுக்குச் செய்யும் அவமரியாதை என்கிறான் மகன். அவனுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள நண்பரே, அந்த முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். நீங்கள் பத்து வயதில் பார்த்த அந்த நீலக் காரில் 7 லிட்டர் எஞ்சின் இருந்ததே இல்லை.

ஜிடி40 என்ற பெயருக்குள், மார்க் என்று எண்ணிட்ட பல வகைக் கார்கள் இருக்கின்றன. 1966இல் லே மானில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை மார்க் 2 கார்கள். புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டி வென்றது அவற்றில் ஒன்று. உங்களுக்கு விலை பேசியிருக்கும் 427 அவற்றின் எஞ்சின்தான். 1967இல் டேன் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் வென்றது மார்க் 4. அதிலும் அந்த 7 லிட்டரே. அதன்பிறகு விதிகள் மாறின. 1968 முதல், பந்தயத்துக்கென்றே செய்யப்படும் புரோட்டோடைப் கார்களுக்கு 3 லிட்டர்தான் வரம்பு. குறைந்தது 50 கார்களாவது கட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் என்றால் 5 லிட்டர் வரை போகலாம். ஃபோர்டு நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. ஜான் வையரின் குழு, வயதாகிவிட்டது என்று எல்லாரும் ஒதுக்கிய மார்க் 1 காரை எடுத்து, 4.9 லிட்டர் சிறிய வி8 எஞ்சினை (பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்) பொருத்தி, கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் நீலத்தையும் ஆரஞ்சையும் பூசிக் களத்தில் இறக்கியது. 1968இல் பெத்ரோ ரொத்ரிகெஸும் லூசியன் பியாங்கியும் வென்றார்கள். 1969இல் ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும் வென்றார்கள். இரண்டு ஆண்டும் வென்றது 1075 என்ற எண் கொண்ட ஒரே கார். 1969இல் மற்ற ஓட்டுநர்கள் தத்தம் கார்களை நோக்கி ஓடியபோது, அந்தத் தொடக்க முறை ஆபத்தானது என்று காட்டுவதற்காக இக்ஸ் நடந்தே போய், பெல்ட்டை முறையாக மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகப் புறப்பட்டார். 24 மணி நேரம் கழித்து அந்தக் கார் ஒரு போர்ஷேயை ஏறத்தாழ 120 மீட்டர் இடைவெளியில் முந்தி வென்றது. உங்கள் மாமா கொண்டுவந்த இதழில் இருந்தது அந்தக் குடும்பத்துக் கார்தான். வலுவான எஞ்சின்கள் தடைபட்டுப் போன பிறகு, சிறிய எஞ்சினோடு நின்று வென்ற கார் அது. 427ஐ வைத்து அந்த நீலத்தைப் பூசினால் இரண்டு கார்களின் கதையைக் குழப்பியவர் ஆவீர்கள்.

எஞ்சின் பேச்சை இங்கே நிறுத்திவைக்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் ஓரமாக நிற்கிறது: 6 அடி 1 அங்குலம்.

பெயரில் உள்ள 40 என்பது காரின் உயரம், அங்குலக் கணக்கில். தரையிலிருந்து கூரைவரை ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மார்க் 4 காரில் கர்னியின் தலைக்கவசம் கூரையில் முட்டியதால் கதவின் மேற்புறத்தைக் குமிழ்போல் உயர்த்த வேண்டியிருந்தது. இன்றும் அதைக் கர்னி குமிழ் என்றுதான் அழைக்கிறார்கள். அசல் காரில் பெட்ரோல் இருபுறமும் கதவுக்குக் கீழுள்ள வாசல்படிக்குள், நீண்ட பெட்டிகளில் இருந்தது. அதனால் படி அகலம். அந்த அகலத்தைத் தாண்டிக் கால் வைத்து, கூரையோடு சேர்ந்து வெட்டப்பட்ட கதவுக்கு அடியில் உடம்பை மடித்து உள்ளே சரிய வேண்டும். உள்ளே சாய்ந்த நிலையில்தான் உட்கார முடியும். பெடல்கள் நெருக்கமாக இருக்கும். முன் சக்கரக் கூடு பாதங்களை நடுப்பக்கமாகத் தள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே மிட்லண்ட்ஸ் பகுதியில் என் பட்டறைக்கு ஒரு மனிதர் முடியும் தறுவாயில் இருந்த ஜிடி40 நகலைக் கொண்டுவந்தார். ஆறு ஆண்டு உழைப்பு. வர்ணம் கண்ணாடிபோல் மின்னியது. ஒவ்வொரு குழாயும் கைவேலை. அவருடைய உயரமும் உங்கள் உயரம்தான். ஆறு ஆண்டில் ஒருமுறைகூட அவர் காலணி போட்டு, இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திப் பார்த்ததில்லை. உட்கார்ந்த அன்று கிளட்சை மிதித்தால் பிரேக்கும் சேர்ந்து அழுந்தியது; தலை இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. பெடல்களை நகர்த்தினோம். இருக்கையின் பஞ்சை உருவிவிட்டு, தரைத்தகட்டை வெட்டித் தாழ்த்தினோம். அந்த வெட்டுக்காகப் புதிதாகப் பூசிய வர்ணம் பாதி போயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்த கோலம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது இருக்கை. சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டகம், வந்ததும், கராஜின் தரையில் அதை வைத்து, இருக்கையையும் ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் மரத்துண்டுகளால் தற்காலிகமாக நிறுத்துங்கள். நீங்கள் ஓட்டும்போது அணியும் காலணியோடு அரைமணி நேரம் உட்காருங்கள். ஐந்து நிமிடம் போதாது, ஏனென்றால் இடுப்பு இருபதாவது நிமிடத்தில்தான் பேசத் தொடங்கும். பிறகு மனைவியை அடுத்த இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். அவருக்கு இடம் இல்லையென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கனவில் பாதி கராஜிலேயே நின்றுவிடும். இருக்கைகளின் உறைக்கு வட்ட உலோக வளையம் பதித்த காற்றுத்துளைகள் வேண்டும் என்று நிச்சயம் ஆசைப்படுவீர்கள். அது இந்தக் காரின் முகவரி. நானும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கியர் நெம்புகோலை எங்கே வைப்பது என்பதும் இதே நாளில் முடிவாக வேண்டும். பந்தயக் கார்களில் அது ஓட்டுநரின் வலக்கைப் பக்கம், வாசல்படியின்மேல் இருந்தது. அழகானது, மெய்யானது. ஆனால் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்ட வேண்டும்; கியர்பாக்ஸ்வரை நீளும் இணைப்புத் தண்டும் வளைந்து வளைந்து போகும். ஃபோர்டே சாலைக்கென்று கட்டிய மார்க் 3 காரில் நெம்புகோலை நடுவுக்கு மாற்றிவிட்டது. பயணப் பெட்டி வைக்கப் பின்புறத்தையும் நீட்டியது. அப்படிப்பட்ட கார்கள் 7 மட்டுமே கட்டப்பட்டன. சாலைக்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அசலைப் படைத்தவர்களே காட்டிய பாதை அது. உங்கள் முழங்கால் வலப்பக்க நெம்புகோலை அனுமதித்தால் வையுங்கள். அனுமதிக்காவிட்டால் நடுவில் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேசிஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அசல், மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்துப் பற்றவைத்த மோனோகாக், அதாவது தனிச் சட்டகம் இல்லாத தகட்டுக் கூடு. இன்று கிடைக்கும் கிட்களில் (நாமே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்புகளில்) பெரும்பாலானவை சதுரக் குழாய்களால் ஆன சட்டகம். அசலைப்போன்ற தகட்டு மோனோகாக் செய்து தருபவர்களும் உண்டு, விலை பல மடங்கு. ஒற்றைக் கராஜில் தனியாக வேலை செய்யும் உங்களுக்குச் சதுரக் குழாய் போதும். துரு தென்பட்டால் கண்ணுக்குத் தெரியும், வெட்டி ஒட்டலாம். தகட்டுப் பெட்டிகளுக்குள் பிரிட்டனின் குளிர்காலச் சாலை உப்பு புகுந்தால் வெளியே தெரிவதற்குள் உள்ளே அரித்துவிடும். ஒரு வேண்டுகோள்: உடலின் ஃபைபர் கிளாஸ் பாகங்களைச் சேசிஸ் வாங்கும் அதே இடத்தில், அதே நேரத்தில் வாங்குங்கள். ஒருவரின் சேசிஸில் இன்னொருவரின் கதவைப் பொருத்த முயன்றவர்கள், கதவு இடைவெளியைச் சரிசெய்வதிலேயே ஒரு கோடையை இழந்திருக்கிறார்கள்.

வெப்பத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட் விற்பவர் யாரும் இதைச் சொல்வதில்லை. ரேடியேட்டர் மூக்கில் இருக்கிறது, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். இரண்டுக்கும் இடையே கொதிநீர்க் குழாய்கள் நீங்கள் உட்காரும் அறையை ஒட்டியே போகின்றன. ரேடியேட்டரின் சூடான காற்று மூக்கின் மேற்புறத் திறப்பு வழியாக வெளியேறி முன் கண்ணாடிமேல் படர்ந்து வருகிறது. கண்ணாடியோ மிகவும் சாய்ந்தது. வெயில் நேராக மடியில் விழும். பக்கக் கண்ணாடிகள் இறங்குவதில்லை; அசலில் சிறு மடிப்பு ஜன்னல் மட்டுமே. ஆங்கிலேயக் கோடைதானே என்று நினைக்காதீர்கள். ஜூலை மாதம் எம்1 சாலையில் நெரிசலில் இருபது நிமிடம் நின்றால் பாதங்கள் வேகும்.

இதைக் காரைக் கட்டி முடித்த பிறகு சரிசெய்ய இயலாது. குழாய்களை வாங்கும்போதே வெப்பத்தடை உறை சுற்றுங்கள். பாதங்களுக்கு முன்னால் உள்ள தடுப்பில், ரேடியேட்டருக்கும் அறைக்கும் நடுவே, ஒரு துளைகூட மூடாமல் விடாதீர்கள். ரேடியேட்டருக்கு இரண்டு மின்விசிறிகள் வையுங்கள். நீரில் காற்றுக் குமிழ் தங்குவது இந்தக் கார்களின் தீராத நோய். குழாய்கள் நீளமானவை என்பதாலும், முன்னும் பின்னும் உயரம் மாறுவதாலும் அது வருகிறது. நீர்ச்சுற்றின் மிக உயரமான இடத்தில் விரிவுத் தொட்டியையும், ரேடியேட்டரின் உச்சியில் காற்று வெளியேற ஒரு சிறு திருகையும் வைத்தால் அது தீரும். இடம் ஒதுக்க முடிந்தால் சிறிய ஏசியும் வையுங்கள். அசலில் ஏசி இல்லை என்று சொல்பவர்களிடம், அசலை ஓட்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டினார்கள் என்று சொல்லுங்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். அதற்கு முன்பு கியர்பாக்ஸ், ஏனென்றால் எஞ்சினுக்கு எல்லை வகுப்பது அதுதான். 1964இல் லே மானில் இறங்கிய மூன்று ஜிடி40களும் முடிக்காமல் நின்றதற்குக் கியர்பாக்ஸும் ஒரு காரணம். அதன்பிறகு வந்தது ஜெர்மனியின் இசட்எஃப் ஐந்து வேகப் பெட்டி. அது இன்றும் கிடைக்கும், ஆனால் விலையைக் கேட்டால் இன்னொரு காரே வாங்கலாம் என்று தோன்றும். போர்ஷே 911இன் பெட்டியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 911இல் எஞ்சின் பின்னாலும் பெட்டி முன்னாலும் இருக்கும். உங்கள் காரில் எஞ்சின் முன்னாலும் பெட்டி பின்னாலும் வரும். பெட்டியைத் திருப்பி வைத்தால் சுழற்சித் திசை மாறி, பின்னோக்கிப் போக ஐந்து கியரும் முன்னோக்கிப் போக ஒரு கியரும் கிடைக்கும். அதற்காக உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றவோ, பெட்டியைத் தலைகீழாகப் பொருத்தவோ வேண்டும். தேர்ந்த கை தேவைப்படும் வேலை. ஆடி, ரெனோ பெட்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, அந்தக் கார்களிலும் எஞ்சின் முன்னால்தான்.

ரெனோவின் யுஎன்1 பெட்டி மலிவு; இங்கே நிறைய ஜிடி40 நகல்களில் இருப்பது அதுவே. அதன் எல்லையை அறிய லோட்டஸ் எஸ்பிரி வி8 காரைப் பாருங்கள். அந்த எஞ்சினால் 500 குதிரைத்திறன் தர முடியும் என்றிருந்தும், யுஎன்1 தாங்காது என்பதால் லோட்டஸ் அதை 350 குதிரைத்திறனுக்கும் ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கும் கட்டுப்படுத்தியது. ஒரு கார் நிறுவனமே அந்தப் பெட்டியோடு செய்துகொண்ட உடன்படிக்கை அது. நீங்களும் அதை மீறாதீர்கள். 427ஐ அதனோடு இணைத்தால் முதல் முழு அழுத்தத்திலேயே பல்சக்கரங்கள் போய்விடும். மார்க் 2 காருக்கென்று ஃபோர்டு கனத்த நான்கு வேகப் பெட்டியைத் தனியாகச் செய்ததற்குக் காரணமும் அந்த எஞ்சினின் முறுக்கு.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஃபோர்டின் சிறிய வி8, 302 எனப்படும் 4.9 லிட்டர் எஞ்சின். 1075இல் இருந்ததன் உடன்பிறப்பு. அதிலும் 1968 முதல் 1974 வரை வார்க்கப்பட்ட ஒன்றைத் தேடுங்கள். அந்த ஆண்டுகளைச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிரிட்டனில் சோதனையின்போது புகை அளவு எஞ்சினின் வயதைப் பொறுத்தே பார்க்கப்படுகிறது. 1975 ஆகஸ்ட் 1க்கு முந்தைய எஞ்சின் என்றால், கண்ணுக்குத் தெரியும் புகை இல்லாவிட்டால் போதும். வார்ப்பு எண்ணையும் அதன் வயதுக்கான ஆதாரத்தையும் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று சமநிலை. 1980களின் தொடக்கம்வரை வந்த 302களில் ஃப்ளைவீலிலும் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரம்) அதிர்வைத் தணிக்கும் முன்புற டேம்பரிலும் 28 அவுன்ஸ்-அங்குல எதிர்எடை இருக்கும்; பிறகு வந்தவற்றில் 50. பழைய எஞ்சினோடு புதிய ஃப்ளைவீலை மாட்டினால் காரே நடுங்கும், பேரிங்குகள் சீக்கிரமே போய்விடும். கடையில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

நல்ல நிலையில் உள்ள 302, அளவான கேம்ஷாஃப்ட்டோடு (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) 300 குதிரைத்திறனைச் சிரமமின்றித் தரும். டன் எடையை ஒட்டிய காருக்கு அது சாலையில் ஓட்டித் தீர்க்க முடியாத வேகம். நான்கு இரட்டைக்குழல் வெபர் கார்புரேட்டர்களை வைக்கவேண்டும் என்று உங்கள் கை துறுதுறுக்கும். எட்டு ஊதுகுழல்களும் தலைக்குப் பின்னால் மூச்சிழுக்கும் சத்தம் வேறெதிலும் கிடைக்காது. குளிர்காலையில் கிளம்ப அடம்பிடிக்கும், பெட்ரோல் குடிக்கும், ஆனாலும் வையுங்கள். இந்தக் காரில் நான் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் ஒன்று அது. ரப்பர்க் குழாய்களை மட்டும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையில் வாங்குங்கள். தலைக்குப் பின்னால் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் அறையில் தானாக இயங்கும் தீயணைப்பான் கட்டாயம்.

புகைக்குழாய்களை ‘பாம்புக் கட்டு’ என்பார்கள். எட்டுக் குழாய்களும் எஞ்சினுக்கு மேலே ஒன்றையொன்று பின்னி, இரண்டு கூட்டங்களாகச் சேர்ந்து, பின்புறம் நடுவே வெளிவரும். அது அழகுக்காகச் செய்ததல்ல. இந்த வி8இல் ஒரே பக்கச் சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. 1, 4, 6, 7 சிலிண்டர்களை ஒரு கூட்டமாகவும் 2, 3, 5, 8ஐ இன்னொரு கூட்டமாகவும் சேர்த்தால் ஒவ்வொரு குழாயிலும் புகைத் துடிப்பு சம இடைவெளியில் வரும். அதனால்தான் ஜிடி40 அமெரிக்க வி8போல உறுமாமல் ஒரே சுருதியில் பாடுகிறது. ஃபோர்டு பிற்காலத்தில் வெடிக்கும் வரிசையை மாற்றியது. பழைய வரிசை 1-5-4-2-6-3-7-8, புதியது 1-3-7-2-6-5-4-8. எழுதிப் பாருங்கள்: ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் இரண்டிலும் அதே இரு கூட்டங்கள்தான் வரும். ஆகவே அந்த வரிசையைத் தீர்மானிக்கும் கேம்ஷாஃப்ட் எதுவானாலும் அந்தக் குழாய்கள் பொருந்தும். முதன்முறை காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

இப்போது உங்கள் நண்பரின் யோசனை. அதைச் செய்யாதீர்கள். செத்துப்போன காரின் பத்திரத்தைப் புதிய காருக்கு ஒட்டுவது மோசடி. கண்டுபிடிக்கப்பட்டால் பதிவு ரத்தாகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். அப்போது உங்கள் பக்கத்து இருக்கையில் மனைவி இருப்பார்.

நேர்வழி அவ்வளவு கடினமானதல்ல. சொந்தமாகக் கட்டிய கார் ஐவிஏ எனப்படும் தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். ஆய்வாளர் எதிரி அல்ல; உங்கள் வேலையை இன்னொரு கண்ணால் பார்க்கும் மனிதர். அவர் முதலில் தடவிப் பார்ப்பது விளிம்புகளை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களின் முனை குறைந்தது 2.5 மி.மீ. ஆரம் வளைந்திருக்க வேண்டும். சக்கரத்தின் நடுவே இறக்கைபோல் நீளும் பூட்டு நட்டுகள் கூடாது. ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கைவிட்டால் தானே நேராக வேண்டும். பலர் தோற்பது இதில்தான். முன், பின் பிரேக் விகிதத்தை மாற்றும் திருகு, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். நிறுத்தி வைத்து அளக்கும் ஒலி 99 டெசிபெலைத் தாண்டக்கூடாது. பாம்புக் கட்டின் முடிவில் நல்ல சைலன்சர் இல்லாமல் அது நடக்காது. ஹெட்லைட்டின் ஒளிரும் பகுதியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 500 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மீட்டரே உயரமுள்ள காருக்கு இது இடைஞ்சல். சோதனைக்காகக் காரை உயர்த்தி, தேறியதும் தாழ்த்துபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த நாட்டின் வேகத்தடை மேடுகள் 100 மி.மீ. வரை உயரலாம் என்று விதியே சொல்கிறது. பந்தய உயரத்தில் விட்டால் உங்கள் தெருமுனையிலேயே வயிறு உரசும். சோதனை கேட்கும் உயரமே உங்களுக்கும் வேண்டிய உயரம்.

பின்புறத்தில் மேல்நோக்கி வளைந்த சிறு உதட்டை அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். 1964 ஏப்ரலில் லே மான் சோதனை ஓட்டத்தில், வேகத்தில் பின்புறம் தரையைவிட்டு எழும்பி இரண்டு கார்கள் விபத்துக்குள்ளான பிறகுதான் அது வந்தது.

எண்பலகையைப் பற்றி ஒன்று. பாகங்கள் எல்லாமே புதியவையாக இருந்து, ஒன்று மட்டும் முறைப்படி புதுப்பிக்கப்பட்டதாக இருந்தால் பொதுவாக நடப்பு ஆண்டின் பதிவு எண் கிடைக்கும். பழைய எஞ்சினும் பழைய கியர்பாக்ஸும் சேர்ந்தால் அது இரண்டாகிவிடும். அப்போது க்யூ எழுத்தில் தொடங்கும் எண்தான். சிலர் அதை இழுக்காக நினைக்கிறார்கள். பல தாய்ப்பாகங்களிலிருந்து பிறந்த கார் என்பதை அந்த எழுத்து நேர்மையாகச் சொல்கிறது, அவ்வளவே. எதுவானாலும் ஒவ்வொரு ரசீதையும் ஒவ்வொரு கட்டத்தின் புகைப்படத்தையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள்; பதிவு அலுவலகம் கேட்கும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் வேலையைத் தொடங்கும் வாரத்தில் நடப்பு விதியை அரசுத் தளத்தில் படியுங்கள். (தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க: இவை பிரிட்டனுக்கு உரியவை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த வடிவத்தை மாற்றுவதற்கே தடை விதிக்கிறது.)

கடைசியாக உங்கள் மகன். அவன் கேட்டது நல்ல கேள்வி. ஜிடி40இன் பிறப்பே இன்னொருவர் சிந்தனையிலிருந்து தொடங்கியது. ஃபெராரியை விலைக்கு வாங்கும் பேச்சு 1963இல் முறிந்ததும், ஃபோர்டு நாடிப் போனது எரிக் பிராட்லியிடம். அவர் தம் சிறு பட்டறையில், நடுவில் ஃபோர்டு வி8 வைத்து, லோலா மார்க் 6 என்ற காரை அதற்கு முன்பே கட்டியிருந்தார். அந்தக் கருத்திலிருந்து ஜிடி40 வளர்ந்தது. அதைக் கட்டியதும் லண்டனுக்கு அருகே ஸ்லவ் நகரில். ஒரு வடிவத்தைப் பார்த்துக் கற்று மறுபடி கட்டுவதில் அவமரியாதை இல்லை. அவமரியாதை எங்கே தொடங்குகிறது என்றால், பார்ப்பவரை ஏமாற்றும் இடத்தில். 1075 என்ற எண்ணை உங்கள் சேசிஸில் பொறிக்காதீர்கள். பதிவுப் பத்திரத்தில் கிட் செய்தவரின் பெயரே இருக்கட்டும். ஜிடி40 என்ற பெயரின் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால், 2000களில் அந்தக் காரை நினைவுகூர்ந்து புதிய காரைச் செய்த ஃபோர்டே அதை ‘ஃபோர்டு ஜிடி’ என்றுதான் விற்றது. பெட்ரோல் பங்கில் யாராவது ஓடிவந்து இது அசலா என்று கேட்டால், இல்லை, நானே கட்டியது என்று சொல்லுங்கள். கேட்டவர் முகம் அப்போது இன்னும் மலரும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மகனையும் கராஜுக்கு அழையுங்கள். கதவைப் பொருத்த எப்படியும் இன்னொரு ஆள் வேண்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றுதான். முடிந்த ஜிடி40 நகல் ஒன்றை வைத்திருப்பவரைக் கண்டுபிடித்து, மனைவியோடு போய், இருவரும் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்துங்கள். உங்கள் தலைக்கும் கூரைக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி, கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே உங்கள் காலணிக்கு எவ்வளவு இடம் என்று அளந்து எனக்கு எழுதுங்கள். அந்த இரண்டு அளவுகள் வந்தபிறகு எந்தச் சேசிஸ், தரைத்தகட்டை எவ்வளவு தாழ்த்துவது, கர்னி குமிழ் வேண்டுமா என்பதை முடிவுசெய்வோம். 427ஐ விற்பவரிடம் நன்றி சொல்லி விடைபெறுங்கள்.